அடினோமயோசிஸும் நோயெதிர்ப்பும்: வாசகியர் கேள்விகளுக்குப் பதில்கள்

கர்ப்பப்பையின் உட்படலத் திசு அதன் தசைக்குள் இறங்கி வளரும் நோயான அடினோமயோசிஸில் அழற்சியின் பங்கு பற்றிக் கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். வயதையும், ஹீமோகுளோபின் அளவையும், குழந்தைப் பேறு இன்னும் தேவையா என்பதையும் எழுதாதவர்களுக்குப் பொதுவான பதிலைத்தான் தர இயலும்.

கேள்வி: எனக்கு 38 வயது. ஸ்கேனில் அடினோமயோசிஸ் என்று எழுதியிருக்கிறார்கள். இதற்கு நோயெதிர்ப்பு மண்டலமே காரணம் என்று படித்தேன். என் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டதா? அதைக் கூட்ட என்ன சாப்பிட வேண்டும்?

பதில்: குறையவில்லை, எதையும் கூட்டவும் வேண்டாம். குடலில் உட்படலத்துக்கும் தசைக்கும் நடுவே ஓர் இடைப்படலம் உண்டு. கர்ப்பப்பையில் அது கிடையாது. உட்படலம் நேராகத் தசையின்மேல் படிந்திருக்கிறது. மாதந்தோறும் ஏற்படும் சுருக்கங்களாலும், பிரசவம், சிசேரியன், டி அண்ட் சி போன்றவற்றாலும் அந்த எல்லை சிதைந்து, சுரப்பிகள் தசைக்குள் இறங்குகின்றன என்பது இன்று பெரிதும் பேசப்படும் விளக்கம். இறங்கிய திசுவில் கசிவும் காயமும் திரும்பத் திரும்ப நேர்கின்றன. அங்கே திரளும் மேக்ரோஃபேஜ்கள் என்னும் எதிர்ப்புச் செல்கள் பழுதுபார்க்கும் தன்மைக்கு மாறி, இன்டர்லூகின்-6, டி.ஜி.எஃப்.-பீட்டா போன்ற சமிக்ஞைகளைத் தொடர்ந்து வெளியிடுகின்றன. டி.ஜி.எஃப்.-பீட்டா தசையை நார்த்திசுவாக இறுக்குகிறது; அழற்சிச் சமிக்ஞைகள் காக்ஸ்-2 என்சைமைத் தூண்டுகின்றன; அதனால் பெருகும், வலி தரும் புரோஸ்டாகிளாண்டின் அரோமடேஸ் என்னும் என்சைமைத் தூண்டி அவ்விடத்திலேயே ஈஸ்ட்ரோஜனை உற்பத்தி செய்ய வைக்கிறது; அந்த ஈஸ்ட்ரோஜன் மறுபடியும் காக்ஸ்-2-ஐக் கூட்டுகிறது. நரம்பு வளர்ச்சிக் காரணியும் சேர்ந்துகொள்வதால் வலி கடுமையாகிறது. ஆக, ஓரிடத்தில் ஓயாமல் நடக்கும் எதிர்ப்புதான் இங்கே தொல்லை தருகிறது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த விவரங்களில் பெரும்பகுதி, முற்றிய நோய்க்காக அகற்றப்பட்ட கர்ப்பப்பைகளின் திசுவில் கண்டவை. ஆகவே இவற்றில் எது நோயின் காரணம், எது அதன் விளைவு என்பதை யாரேனும் அறுதியிட்டுச் சொன்னால் சற்று எச்சரிக்கையாகவே கேளுங்கள்.

கேள்வி: அப்படியானால் இது ஆட்டோஇம்யூன் நோயா? எனக்கு ஏ.என்.ஏ. பரிசோதனை பாசிட்டிவ்.

பதில்: எதிர்ப்பு மண்டலம் தன் உடலையே தாக்கும் அந்த வகையில் இதை யாரும் சேர்க்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்நோயாளிகள் சிலரின் இரத்தத்தில் தன் உடலுக்கு எதிரான எதிர்ப்பொருள்களைக் கண்டதாக எழுதினார்கள். அதைக்கொண்டு நோயைக் கண்டறியவோ மருந்தைத் தீர்மானிக்கவோ வழி பிறக்கவில்லை. செல்லின் உட்கருவுக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடும் ஏ.என்.ஏ. பரிசோதனை, நலமாக இருப்பவர்களிலும் குறைந்த அளவில் பாசிட்டிவாக வருவதுண்டு. மூட்டுவலி, முகத்தில் தடிப்பு போன்ற அறிகுறிகள் இருந்தால் மட்டும் மூட்டுவாத மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: சி.ஏ.-125 அளவு 90 இருக்கிறது. புற்றுநோயா?

பதில்: இரத்தம் எந்த நாளில் எடுக்கப்பட்டது என்பதை எழுதாமல் இந்தக் கேள்வியை அனுப்புபவர்கள் ஏராளம். சி.ஏ.-125 என்னும் இரத்தப் புரதத்தின், 35-க்குள் இருக்க வேண்டிய இந்த எண் மாதவிடாய் நாட்களிலும், அடினோமயோசிஸ், எண்டோமெட்ரியோசிஸ் (உட்படலம் போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளர்வது), ஃபைப்ராய்டு ஆகியவற்றிலும் உயரும். கர்ப்பப்பை மிகவும் பெருத்திருந்தால் 100-ஐத் தாண்டுவதும் உண்டு. சினைப்பைகள் ஸ்கேனில் எப்படி இருக்கின்றன என்பதே முக்கியம். 45 வயதைக் கடந்தவர்களுக்கு உதிரப்போக்கு மாறினாலோ, எந்த வயதிலும் இடைநாட்களில் தொடர்ந்து உதிரம் பட்டாலோ உட்படலத்தைப் பரிசோதித்தாக வேண்டும். இதை எத்தனை முறை எழுதினாலும் மிகையாகாது.

கேள்வி: வயது 34. இரண்டு முறை ஐ.வி.எஃப். தோற்றது. அடினோமயோசிஸ் இருக்கிறது. இரத்தத்தில் என்.கே. செல்கள் அதிகமாக இருப்பதால் அவை கருவைக் கொன்றுவிடுகின்றன என்றும், இன்ட்ராலிப்பிட் ஏற்றி ஸ்டீராய்டு கொடுத்தால் தங்கும் என்றும் சொல்கிறார்கள். செய்துகொள்ளலாமா?

பதில்: வேண்டாம். இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு எழும் எரிச்சல் கேட்டவர்மீது அன்று, விற்பவர்மீது.

என்.கே. என்பது நேச்சுரல் கில்லர் என்பதன் சுருக்கம்; இயற்கைக் கொலையாளி என்று பொருள்படும் அந்தப் பெயரே பாதி வணிகத்தை நடத்திக்கொடுக்கிறது. இரத்தத்தில் ஓடும் என்.கே. செல்களும் கர்ப்பப்பையில் வாழும் என்.கே. செல்களும் வெவ்வேறு இயல்புள்ளவை. இரத்தத்தில் இருப்பவற்றில் ஏறத்தாழ 90 சதவீதம் தாக்கி அழிக்கும் திறனுள்ளவை. கர்ப்பப்பையில் இருப்பவையோ பெரும்பாலும் சைட்டோகைன்கள் என்னும் சமிக்ஞைப் புரதங்களைச் சுரப்பவை. கருத்தரித்த முதல் வாரங்களில் அங்குள்ள வெள்ளணுக்களில் பாதிக்கும் மேல் இவைதான். கருவுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாளங்கள் விரிந்து இடம்கொடுக்க உதவுவது இவற்றின் பணி. கையிலிருந்து எடுத்த இரத்தத்தில் ஒரு வகைச் செல்லை எண்ணிவிட்டு, கர்ப்பப்பைக்குள் இருக்கும் வேறொரு வகையின் நடத்தையைப் பற்றித் தீர்ப்பு எழுதுவது அறிவியல் ஆகாது. இன்ட்ராலிப்பிட் என்பது சோயா எண்ணெயும் முட்டையின் கொழுப்பும் கலந்த கரைசல். வாய்வழி உண்ண முடியாதவர்களுக்கு நரம்புவழி உணவாகக் கொடுப்பதற்காக உருவானது. ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கமான எஸ்ரே 2023-இல் வெளியிட்ட பரிந்துரைகளில், என்.கே. செல் பரிசோதனையையும் இன்ட்ராலிப்பிடையும் வழக்கமாகச் செய்யக் கூடாது என்றே சொல்லியிருக்கிறது. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், தொற்றுக்கு வழி திறக்கும். கருத்தரிக்க முயலும் பெண்ணுக்கு அதைக் காரணமின்றிக் கொடுப்பதை நான் ஏற்பதில்லை.

இதனால் அடினோமயோசிஸுக்கும் கரு ஒட்டாமைக்கும் தொடர்பே இல்லை என்று பொருளாகாது. கரு ஒட்டும் காலத்தில் உயர வேண்டிய லிஃப் என்னும் சைட்டோகைனும் ஹாக்ஸ்-ஏ10 மரபணுவின் செயலும் இந்நோயாளிகளின் உட்படலத்தில் குறைந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். அதற்கு இன்று பலரும் கையாளும் வழி, கருவை உறையவைத்து, இரண்டு மூன்று மாதங்கள் ஜி.என்.ஆர்.ஹெச். அகோனிஸ்ட் ஊசியால் ஈஸ்ட்ரோஜனை அடக்கி, கர்ப்பப்பை சற்றுச் சுருங்கிய பிறகு கருவை வைப்பது. இதற்கும் உறுதியான பெரிய ஆய்வுகளின் துணை போதாது. எனினும் தருக்கம் இருக்கிறது. உங்கள் மருத்துவரிடம் இதைப் பற்றிப் பேசுங்கள்.

கேள்வி: மூட்டுவாதத்துக்குப் போடும் சைட்டோகைன் எதிர்ப்பு ஊசிகள் இதற்கும் பயன்படாதா? (செவிலியர் மாணவி)

பதில்: நல்ல கேள்வி. இந்நோயில் அவற்றைப் பயன்படுத்தச் சான்று இல்லை. உறவுமுறை நோயான எண்டோமெட்ரியோசிஸில் டி.என்.எஃப். என்னும் அழற்சிச் சைட்டோகைனைத் தடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமாபை பெல்ஜியத்தில் சுமார் 20 பெண்களிடம் சோதித்து 2008-இல் வெளியிட்டார்கள். மருந்து பெற்றவர்களுக்கும் போலி மருந்து பெற்றவர்களுக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தது. இன்டர்லூகின்-8-க்கு எதிரான ஒரு மருந்து குரங்குகளின் எண்டோமெட்ரியோசிஸில் நார்த்திசுவைக் குறைத்ததாக 2023-இல் செய்தி வந்தது. குரங்கிலிருந்து மனிதருக்கு வரும் பாதை நீளமானது.

கேள்வி: மெஃபனாமிக் ஆசிட் போட்டும் வலி குறையவில்லை.

பதில்: எப்போது போட்டீர்கள், எவ்வளவு போட்டீர்கள் என்று எழுதவில்லை. இம்மருந்து காக்ஸ் என்சைமைத் தடுக்கிறது. ஏற்கெனவே சுரந்துவிட்ட புரோஸ்டாகிளாண்டினை அது ஒன்றும் செய்யாது. ஆகவே வலி உச்சத்துக்குப் போன பிறகு ஒரு மாத்திரை போடுவதில் பயன் குறைவு. உதிரம் தொடங்கியவுடன், சுழற்சி ஒழுங்காக இருந்தால் முந்தைய நாளே, உணவுக்குப் பின் 500 மில்லிகிராம் வீதம் மூன்று வேளை, சில நாட்கள் மட்டும் எடுக்கலாம். உதிரப்போக்கிலும் ஏறத்தாழக் கால் பங்கு குறையும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும், கருத்தரித்திருக்கக்கூடியவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

கேள்வி: மிரினா பொருத்தி இரண்டு மாதமாகத் திட்டுத்திட்டாக உதிரம் படுகிறது. எடுத்துவிடலாமா? அது அழற்சியைக் குறைக்குமா?

பதில்: குறைக்கும். மிரினா என்பது கர்ப்பப்பைக்குள் புரோஜெஸ்டிரோன் வகை மருந்தைக் கசியவிடும் கருவி. புரோஜெஸ்டிரோன் இயல்பாகவே அழற்சிச் சமிக்ஞைகளுக்குக் கடிவாளம். அடினோமயோசிஸில் அதன் ஏற்பிகள் குறைந்துபோவதால் உடலில் சுரக்கும் அளவு போதுவதில்லை. கருவி அந்த இடத்திலேயே மருந்தை நிறைவாகச் சேர்க்கிறது. முதல் மூன்று முதல் ஆறு மாதம் உதிரம் படுவது வழக்கம் என்பதால் பொறுத்திருங்கள். கர்ப்பப்பை பெரிதாக இருந்தால் கருவி வெளியே வந்துவிட வாய்ப்புண்டு. திடீரென்று போக்கு அதிகரித்தால் ஸ்கேன் எடுத்து இடத்தைப் பாருங்கள். ஹீமோகுளோபினும், இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்த்தீர்களா? கடிதத்தில் இல்லை.

கேள்வி: மஞ்சள் மாத்திரை தினமும் சாப்பிடலாமா?

பதில்: குழம்பில் சேருவது போதும். மஞ்சளில் உள்ள குர்குமின், அழற்சியைத் தூண்டும் என்.எஃப்.-காப்பா பி என்னும் புரதத்தை ஆய்வகத் தட்டில் அடக்குகிறது. வயிற்றிலிருந்து இரத்தத்துக்கு மிகச் சிறிதே சேர்கிறது.

கேள்வி: 46 வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டேன். இந்த அழற்சி உடலில் வேறு இடத்துக்குப் போகுமா?

பதில்: போகாது. அடினோமயோசிஸ் கர்ப்பப்பைத் தசையோடு முடிந்துவிட்டது. அறுவை சிகிச்சையின்போது எண்டோமெட்ரியோசிஸும் இருந்ததா என்பதை மட்டும் டிஸ்சார்ஜ் குறிப்பில் பாருங்கள். சினைப்பைகளை விட்டுவைத்திருந்தால் அந்த எண்டோமெட்ரியோசிஸ் தனியே வலி தரக்கூடும்.