சங்கிலி அடகில், சில்லறை அமெரிக்காவில்

கேள்வி: நான் கொட்டகலைப் பக்கம் ஒரு பாடசாலையில் ஆசிரியர். வயது 41, கைக்கு வரும் சம்பளம் 68,000 ரூபா. பழைய சிலோன் நாணயங்கள் சேர்ப்பது பதினைந்து வருடப் பழக்கம். மாதம் 9,000 ரூபா அளவில் அதற்குப் போகும். இருபது மாதங்களுக்கு முன் கொழும்பு முகவர் ஒருவர் மூலம் 14 நாணயங்களைக் கிரேடிங் செய்ய (தரம் பார்த்து 70க்குப் புள்ளியிட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தர) அமெரிக்காவுக்கு அனுப்பினேன். மனைவியின் மூன்று பவுண் சங்கிலியை 90,000 ரூபாவுக்கு அடகு வைத்துத்தான் அனுப்பினேன். பத்து மாதம் கழித்துப் பெட்டிகள் வந்தபோது மிச்சக் கணக்கைத் தீர்க்க அதே சங்கிலியில் மேலும் 60,000 எடுத்தேன். வட்டி வருடத்துக்கு 16 வீதம். வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்து வருகிறேன், இதுவரை 31,000 போய்விட்டது. அனுப்பிய 14இல் 5 மச்சானுடையவை. செலவைப் பிறகு தருவதாகச் சொன்னார், இன்னும் தரவில்லை. இப்போது அடுத்த தொகுதி போகிறது. மச்சானிடம் இன்னும் 7, என்னிடம் 5 இருக்கின்றன. தங்கம் விலை ஏறியிருப்பதால் சங்கிலியின் மேல் இன்னும் 120,000 தருவதாகச் சொல்கிறார்கள். அதை எடுப்பதா, வங்கியில் தனிநபர் கடன் எடுப்பதா? மகளுக்குப் பன்னிரண்டு வயது. சடங்கு எப்போது வந்தாலும் சங்கிலி வேண்டும் என்று மனைவி சொல்கிறார். (நாணயப் பட்டியல், பற்றுச்சீட்டு, விற்ற விவரம் இணைத்துள்ளேன்.)

பதில்: இரண்டும் வேண்டாம், சேர்.

கிரேடிங் என்றால் என்ன, 70 புள்ளி அளவுகோல் என்றால் என்ன என்பதெல்லாம் பதினைந்து வருடம் சேர்த்தவருக்குச் சொல்லத் தேவையில்லை. உங்கள் பொழுதுபோக்கிலும் எனக்குக் குறை இல்லை. மாதம் 9,000 ரூபாவுக்கு இதைவிட மோசமான பழக்கங்கள் எத்தனையோ உண்டு. உங்களைக் கடித்துக்கொண்டிருப்பது வேறு: தங்கம் ஏறும்போதெல்லாம் அதே சங்கிலியைக் காட்டி இன்னும் கொஞ்சம் எடுப்பது. முதலில் 90,000, பிறகு 150,000, இனி 270,000. சங்கிலி அதே 24 கிராம்தான். கூடுவது கடன் மட்டும்.

தங்கம் ஏறியதன் இலாபம், பழைய கடனைக் கட்டி நகையை மீட்பவருக்குத்தான். மேலதிக முற்பணம் எடுத்தால் அந்த ஏற்றத்தை நீங்களே விற்றுத் தின்கிறீர்கள், அதற்கு வட்டியும் கட்டுகிறீர்கள். விலை இறங்கினால் என்ன ஆகும்? 2013 ஏப்ரலில் உலகச் சந்தையில் தங்கம் சடுதியாக விழுந்தபோது, அடகுக்குத் தாராளமாக அள்ளிக் கொடுத்த நம் நாட்டு வங்கிகளே கையைச் சுட்டுக்கொண்டன. உச்ச விலைக்கு எழுதிய அடகில் மீட்கும் தொகை நகையின் பெறுமதியைத் தாண்டினால், முடிவு ஏலம்தான். 270,000க்கு மாத வட்டி மட்டும் 3,600 ரூபா. சடங்கு திகதி சொல்லிக்கொண்டு வருவதில்லை.

இனி நாணயக் கணக்கு. டொலர் 300 ரூபா என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பற்றுச்சீட்டின்படி கிரேடிங் கட்டணம் நாணயத்துக்கு 24 டொலர், 14க்கு 336. கையாளும் கட்டணமும் திரும்பி வரும் தபாலும் காப்புறுதியும் 60 சொச்சம். ஆக ஏறத்தாழ 400 டொலர், 120,000 ரூபா. முகவரின் கூலி தலைக்கு 1,500 வீதம் 21,000. மொத்தம் 141,000. ஒரு நாணயத்துக்குப் பத்தாயிரம் ரூபா. கட்டிய வட்டியையும் பரப்பினால் பன்னிரண்டாயிரம் தாண்டும்.

அதற்கு என்ன கிடைத்தது? உங்கள் சொந்த ஒன்பதில் மூன்றை விற்றிருக்கிறீர்கள்: 1957 புத்த ஜயந்தி ஐந்து ரூபா, விக்டோரியா காலத்து 50 சதம் இரண்டு. பெட்டியோடு 58,000 வந்தது. கிரேடிங்குக்கு முன் அதே மூன்றுக்கும் 37,000 கேட்டிருந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கூடுதல் 21,000, செலவு 30,000. இது உங்கள் தொகுதியிலேயே மிகச் சிறந்த மூன்று! மிச்ச ஆறில் ஐந்து, ஜோர்ஜ் அரசர் தலை தேய்ந்த சதுர ஐந்து சதமும் பத்துச் சதமும். அவற்றைப் பத்தாயிரம் ரூபாப் பெட்டிக்குள் போட்டதால் மட்டும் யாரும் பத்தாயிரம் தரப்போவதில்லை. பெட்டி உண்மையைச் சொல்லுமே தவிர நாணயத்தை அரிதாக்காது. 'கிரேடிங் செய்த நாணயம் பங்குபோல ஏறும்' என்று இப்போது பரப்புகிறவர்கள் பெரும்பாலும் அனுப்பக் கூலி வாங்குகிறவர்கள்தான்.

மச்சானின் ஐந்துதான் பட்டியலில் வயிற்றைப் பிசைகிற இடம். ஐந்தும் பிரித்தானிய இந்திய வெள்ளி ரூபா, ஐந்தும் 'டீடெய்ல்ஸ்' (அசல்தான், ஆனால் பழுதுபட்டது) என்று புள்ளி எண் இல்லாமல் திரும்பியிருக்கின்றன. காரணச் சீட்டில் மூன்றுக்கு 'மவுண்ட் நீக்கப்பட்டது', இரண்டுக்கு 'சுத்தம் செய்யப்பட்டது'. பாட்டியின் காசுமாலையிலிருந்து கழற்றியவை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாலையில் கோர்க்க ஈயப்பற்று வைத்து வளையம் ஒட்டியிருப்பார்கள். அதை அரத்தால் தேய்த்து எடுத்தாலும் பன்னிரண்டு மணித் திசையில் விளிம்பு தட்டையாகவோ பளபளப்பாகவோ நிற்கும். பத்து மடங்கு உருப்பெருக்கியில் விளிம்பைச் சுற்றிப் பார்த்தால் வீட்டிலேயே தெரியும். பிராசோவும் புளியும் போட்டுத் தேய்த்த வெள்ளியும் அப்படித்தான். ஒற்றை மின்குமிழின் கீழ் மெல்லச் சாய்த்துத் திருப்புங்கள். தொடாத நாணயத்தில் ஒளி சக்கரத்தின் ஆரம்போல் சுற்றி ஓடும். தேய்த்ததில் ஒரே பக்கமாக முடிக்கீறல்கள் தெரியும், ஒளி ஓடாமல் மொத்தமாக மின்னும். இந்த இரண்டு நிமிடச் சோதனை அன்று ஐம்பதாயிரம் ரூபாவைக் காப்பாற்றியிருக்கும்.

அந்த ஐந்தில் ஒன்று 1911. அரசரின் அங்கியில் இருந்த யானை பன்றிபோலத் தெரிகிறது என்ற முறைப்பாட்டால் திருப்பி எடுக்கப்பட்ட ரூபா. அதை அடையாளம் காண அமெரிக்கா தேவையில்லை, கண் போதும். வளையத் தழும்போடும் அதற்கு ஆள் இருக்கும். மற்ற நான்கும் வெள்ளி விலைக்குப் போகும்: புதிதில் 11.66 கிராம், அதில் 91.7 வீதம் வெள்ளி, ஆக ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10.7 கிராம் சுத்த வெள்ளி.

அந்தப் பெட்டிகள் ஐந்தும் இன்னும் உங்கள் அலுமாரியில்தான் இருக்கின்றன. நல்லது. மச்சானிடம் பற்றுச்சீட்டைக் காட்டி, "மச்சான், உங்க அஞ்சு காசுக்கு ஐம்பதாயிரம். மாசம் பத்தாயிரமா தாங்க, ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டுப் போங்க" என்று சொல்லுங்கள். வட்டியில் அவர் பங்கைக் கேட்காமல் விடுவது உங்கள் பெருந்தன்மை. கேட்கச் சங்கடமாக இருந்தால் அவர் அக்காவே, அதாவது உங்கள் மனைவியே கேட்கட்டும். சங்கிலி அவருடையது. அவருடைய புதிய ஏழு நாணயங்களையும் நீங்கள் அனுப்பவேண்டாம். அவருக்கு ஆசையென்றால் முகவரின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுங்கள்.

அந்த ஏழில் இரண்டு டச்சு வீ.ஓ.சி. (டச்சுக் கிழக்கிந்தியக் கம்பனி) துட்டுகள் இருப்பதையும் கவனித்தேன். (துட்டு என்று நாம் சொல்லும் சொல்லே அந்தக் காசின் பெயர்தான்.) அவை பதினெட்டாம் நூற்றாண்டு. தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்ட நாணயங்களையும் தொல்பொருளாகவே எண்ணுகிறது. தொல்பொருள் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்புவது குற்றம். முகவர் 'ஒன்றுமாகாது' என்றால், பொதியில் அனுப்புநர் பெயராக யார் பெயர் எழுதுவார் என்று கேளுங்கள்.

இனி உங்கள் ஐந்து. மூன்று, 1943இன் பித்தளை ஐம்பது சதம். அவற்றை மைலார் (நாணயத்தைக் கெடுக்காத பிளாஸ்டிக்) உறையில் போட்டு வையுங்கள், பார்க்க அழகாக இருக்கும், கதை அவ்வளவுதான். நான்காவது, 1870இன் பெரிய செப்பு ஐந்து சதம். அதில் தாளிப்பனை ஓலையின் மெல்லிய கோடுகள் தனித்தனியாக நிற்கின்றனவா, செம்பின் பழைய சிவப்பு எங்காவது மிஞ்சியிருக்கிறதா பாருங்கள். இரண்டும் இருந்தால் யோசிக்கலாம். முழுக்க மண்ணிறம், ஓலை மழுங்கல் என்றால் வீட்டிலேயே இருக்கட்டும். ஐந்தாவது, 1821 ரிக்ஸ்டொலர். யானை போட்ட வெள்ளி. உங்கள் கையில் கிரேடிங்குக்கு உண்மையில் தகுதியானது இது ஒன்றுதான், வளையத் தழும்பு இல்லையென்றால். 1815க்குப் பிந்தியது என்றாலும் இருநூறு வருடம் தாண்டிய பொருள். அனுப்பும் முன் தொல்பொருள் திணைக்களத்தின் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனிமேல் அனுப்ப ஓர் அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பி எடுக்கப் பத்தாயிரம் ஆகிறது. பெட்டியில்லாமலே முப்பதாயிரத்துக்குக் குறைவாகக் கேட்கும் நாணயத்தை அனுப்பாதீர்கள். ஒரே விதிவிலக்கு, போலி மலிந்த வகை. உதாரணத்துக்கு 1939 இந்திய ரூபா: அசலுக்கு நல்ல விலை என்பதாலேயே போலி ஏராளம், அங்கே சான்றிதழுக்குத் தனி மதிப்பு உண்டு. அதற்கும் முன் தராசில் வையுங்கள். 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு பல போலிகளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். பெட்டியோடு விற்பனைக்கு வருவதை வாங்கும்போது பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. என்ற கிரேடிங் நிறுவனங்களின் இணையத்தளங்களில் சான்றிதழ் இலக்கத்தைப் போட்டுப் பாருங்கள், படம் இருந்தால் நாணயத்தோடு ஒப்பிடுங்கள். பெட்டிக்கே போலி வந்து வருடங்களாகிவிட்டன.

உங்கள் ஒன்பதாவது நாணயம் பச்சைப் பிசின் படிந்ததால் டீடெய்ல்ஸ் வாங்கியிருக்கிறது. அது மென்மையான பீ.வீ.சீ. உறையின் வேலை. உங்கள் பக்கத்து ஈரக்காற்றுக்கு அது இன்னும் வேகம். அந்த உறைகளை இன்றே கழற்றுங்கள். பிசின் இன்னும் மேலோட்டமாக இருக்கும் நாணயங்களைக் கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்து, தேய்க்காமல், வேறு அசிட்டோனில் அலசி, தானாகக் காயவிடுங்கள். நகப்பூச்சு நீக்கி உதவாது, அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பு அணைந்திருக்கட்டும். பிறகு மைலார் உறை, மூடி இறுகும் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம். றப்பர் பட்டியைப் பெட்டிக்குள் விடவேண்டாம், அதன் கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும்.

சங்கிலிக்கு வருவோம். வட்டி மட்டும் கட்டிப் புதுப்பிப்பதை இந்த மாதத்தோடு நிறுத்துங்கள். நாணயத்துக்குப் போகும் 9,000, வட்டிக்குப் போகும் 2,000, ஆக மாதம் 11,000 ஏற்கெனவே உங்கள் கையை விட்டுப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அதையே அடகுக்குக் கட்டினால் பதினைந்து மாதத்தில் சங்கிலி வீட்டில். தேய்ந்த ஐந்து, மிச்சமுள்ள சில இரட்டைகள் என்று விற்று முதலில் ஒரு 30,000 போட்டு, மச்சானின் தவணையையும் வரவர அதிலேயே சேர்த்தால் ஏழு எட்டு மாதம். பகுதி பகுதியாக முதல் கட்ட முடியுமா என்று அடகு வைத்த இடத்தில் இன்றே கேளுங்கள். முடியாது என்றால், பகுதிக் கொடுப்பனவை ஏற்கும் வங்கி ஒன்றுக்கு அதே 150,000க்கு மாற்றுங்கள், ஒரு சதம்கூடக் கூட்டாமல். ஒவ்வொரு தடவையும் மிஞ்சிய முதல் எவ்வளவு என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். 'கட்டியது' என்று மட்டும் எழுதினால் அது வட்டிக்குப் போனதா முதலுக்குப் போனதா என்று பிறகு வாதாட முடியாது. இதற்கிடையில் சடங்கு வந்துவிட்டால், விற்பதற்கு ரிக்ஸ்டொலர் இருக்கிறது. பெட்டியில்லாமலே விலைபோகும் நாணயம் அது.

சடங்கு அதற்குள் வராவிட்டால், சங்கிலி மீண்ட பிறகு, சம்பளத்தில் ஒதுக்கிய பணத்தில் ரிக்ஸ்டொலரை அனுப்புங்கள். தனியாக அனுப்பினால் 60 டொலர் தபாலும் காப்புறுதியும் அந்த ஒன்றின் தலையில் விழும், அதனால் முகவரின் ஏதாவது ஒரு தொகுதியோடு சேர்த்து விடுங்கள். தொகுதி நிறையும்வரை நாணயம் உங்களிடமே இருக்கட்டும், பொதி கட்டும் வாரத்தில் கொடுத்தால் போதும். கொடுக்கும்போது இரண்டு பக்கமும் விளிம்பும் படம் எடுத்து, எடையைக் குறித்து, அவரிடம் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.