நடந்தும் டென்ஷன் குறையவில்லையா? கேள்வி பதில்

மதுரையில் 22 வருடமாக பிசியோதெரபி செய்துவருகிறேன். கழுத்து வலி, தோள்பட்டை வலி என்று வருகிற பலருக்கு எக்ஸ்ரேயில் ஒன்றும் இருக்காது. பேசிப் பார்த்தால் வீட்டுக் கடன், மகளின் பரீட்சை, மேனேஜரின் பேச்சு எல்லாம் அந்தத் தோளில்தான் உட்கார்ந்திருக்கும். நடைப்பயிற்சி பற்றி நீங்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தினமும் காலை 5 மணிக்கு எழுந்து 45 நிமிடம் வேகமாக நடக்கிறேன் மேடம். மூன்று மாதத்தில் எடை குறைந்தது. டென்ஷன் மட்டும் அப்படியே இருக்கிறது. ஏன்? (வங்கி ஊழியர், திருச்சி)

நடக்கும்போது உங்கள் கையைக் கொஞ்சம் கவனியுங்கள் சார். நான் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பவள். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். எதிர்ப்பக்கமாக ஒருவர் தினமும் வருவார். ஒரு கையில் போன், மற்றக் கை இறுக மூடிய முஷ்டி, தோள் இரண்டும் காதைத் தொடுகிற மாதிரி ஏறியிருக்கும். "நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்று போனில் யாரையோ அதட்டிக்கொண்டே மூன்று சுற்று முடிப்பார். கால் மட்டும்தான் தெப்பக்குளத்தில் இருக்கும்.

கவலையோ கோபமோ வந்தால் அட்ரினலின், கார்டிசால் என்ற ஹார்மோன்கள் சுரந்து உடம்பு ஓடத் தயாராகிறது. நாமோ நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறோம். நடக்கும்போது பெரிய தசைகளுக்கு வேலை கிடைத்து அந்த முறுக்கு தளர வேண்டும். ஆனால் சண்டையையும் கூடவே கூட்டிக்கொண்டு போனால் எப்படித் தளரும்?

ஒரு வாரம் இப்படிச் செய்து பாருங்கள். போன் வீட்டில் இருக்கட்டும். முதல் பத்து நிமிடம் வேகம் வேண்டாம், பக்கத்தில் வருபவரோடு மூச்சு வாங்காமல் பேச முடிகிற நடை போதும். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டியிருந்தால் பிரித்துவிடுங்கள். மூன்று அடிக்கு மூச்சை இழுத்து, ஐந்து அடிக்கு விடுங்கள். மூச்சை விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறையும். விடுகிற மூச்சு நீளமாக இருக்கட்டும் என்று சொல்வது அதனால்தான். அப்புறம் வேண்டுமானால் வேகம் கூட்டுங்கள்.

ஒரு நாளைக்கு 10,000 அடி நடந்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறுவருடம் ஜப்பானில் ஒரு நிறுவனம் அடி எண்ணும் கருவியை விற்க வந்தது. அதற்கு 'மான்போ-கெய்', அதாவது பத்தாயிரம் அடி மானி, என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரிலிருந்து பரவிய கணக்குதான் இது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு. அதைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்தும் செய்யலாம். ராத்திரி படுக்கப்போகும் முன் வாட்ச்சில் அடி குறைகிறதே என்று கவலைப்பட்டால், அந்த வாட்ச்சைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

அக்கா, மாமியாருக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வாக்கிங் போகச் சொல்கிறார்கள், வாசலைத் தாண்டவே நேரமில்லை. எரிச்சல் எல்லாம் பிள்ளைகள் மேல் போகிறது. (தஞ்சாவூர்)

எட்டு மாதமாக ஒருத்தியே பார்த்தால் எரிச்சல் வரத்தான் செய்யும்மா. அதை நினைத்துக் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

முதலில் உங்கள் வீட்டுக்காரரிடம் நேரம் குறித்துக் கேளுங்கள். "ஒத்தாசை பண்ணுங்க" என்று பொதுவாகச் சொன்னால் நடக்காது. "சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஆறரை வரை அத்தைகிட்ட நீங்க உட்காருங்க" என்று சொல்லுங்கள். அந்த அரை மணியில் மொட்டை மாடிக்குப் போங்கள். துணி எடுக்க இல்லை, நடக்க. கொடிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் போய்ப் போய் வந்தாலே போதும்.

காலையில் கோலம் போடுவீர்கள்தானே? அவசர அவசரமாக இழுத்துவிட்டு உள்ளே ஓடாமல், வாரத்தில் இரண்டு நாளாவது ஒரு சின்ன சிக்குக் கோலம் போடுங்கள். 5 புள்ளி வரிசை போதும். விரலிடுக்கில் மாவு சீராக விழ வேண்டும், கம்பி ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். நினைப்பு வேறெங்கோ போனால் ஏதோ ஒரு புள்ளியில் கம்பி தப்பாகத் திரும்பிவிடும். அந்த இடத்தில் மனசும் திரும்பி வந்துவிடும். அந்தப் பத்து நிமிடம் மாத்திரை நேரமும் பெட்பேனும் நினைவில் இருக்காது. என் அம்மா படுக்கையில் இருந்த வருடம் நான் பிடித்துக்கொண்டது இதைத்தான்.

எட்டு போட்டு நடந்தால் எல்லா வியாதியும் போகும் என்கிறார்களே?

எல்லா வியாதியும் போகாது. ஆனால் நல்ல நடைதான். வளைந்து வளைந்து போவதால் வேகம் தானாகக் குறையும், கவனமும் காலில் இருக்கும். கொஞ்ச நேரம் ஒரு பக்கமாகவும் அப்புறம் எதிர்ப்பக்கமாகவும் நடங்கள். தலைச்சுற்றல், முட்டிவலி உள்ளவர்களுக்கு நேர்நடையே நல்லது.

இரவு ஷிப்ட், விடிகாலை 5 மணிக்கு முடியும். வீட்டுக்கு வந்ததும் நடக்கலாமா? (ஐடி ஊழியர், சென்னை)

வேண்டாம் தம்பி. காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் உடம்பு விடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும், அப்புறம் தூக்கம் பிடிக்காது. வந்ததும் திரையை இழுத்து மூடிவிட்டுத் தூங்குங்கள். மத்தியானம் எழுந்து, வெயில் தாழ்ந்ததும் நடந்துவிட்டு வேலைக்குப் போங்கள்.

அப்பாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். வெறும் வயிற்றில் நடந்துவிட்டு வந்தால் எல்லோர் மேலும் கோபப்படுகிறார். ரிட்டயர் ஆன டென்ஷனா?

டென்ஷன் என்று முடிவு செய்யும் முன், அந்த நேரத்தில் குளுக்கோமீட்டரில் ஒரு தடவை பாருங்கள். சர்க்கரை இறங்கினாலும் இதே மாதிரி எரிச்சல், வியர்வை, கை நடுக்கம் வரும். சாப்பிட்ட பிறகு நடப்பது பற்றி அவருடைய டாக்டரிடம் கேளுங்கள். சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். புல்தரை என்றாலும் செருப்பில்லாமல் நடக்க விடாதீர்கள், காலில் முள் குத்தினால்கூட அவருக்குத் தெரியாமல் போகலாம்.

தனியாக நடக்கப் பயமாக இருக்கிறது. தெருவில் நாய்த் தொல்லை, சிலர் பார்க்கிற பார்வையும் சரியில்லை.

பயந்துகொண்டு நடந்தால் தோள் இறங்கவே இறங்காது. அந்தத் தெருவை விட்டுவிடுங்கள். பக்கத்தில் பெரிய கோயில் இருந்தால் வெளிப்பிரகாரம் அருமையான இடம். தரை சமமாக இருக்கும், நாலு பேர் இருப்பார்கள், சாயங்காலக் காற்றும் உண்டு. கூட ஒரு தோழி வந்தால் இன்னும் நல்லது. பேசாமல் நடக்க முடிகிற தோழி கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

ஒரு மாதமாக நடக்கிறேன். ஆனாலும் தூக்கமில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை. எதற்கு இருக்கிறோம் என்று தோன்றுகிறது.

நீங்கள் இதை எழுதியதே நல்லது. இதற்கு நடை போதாது. இது மருத்துவம் பார்க்க வேண்டிய விஷயம், உங்கள் தவறு எதுவும் இல்லை. இப்போதே 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். அரசின் டெலி-மனாஸ் என்ற மனநல ஆலோசனைச் சேவை, கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். எனக்கு எழுதியதை வீட்டில் ஒருவரிடமும் அப்படியே சொல்லுங்கள், இன்று ராத்திரி தனியாக இருக்க வேண்டாம். நாளை காலை அவரையே துணைக்கு அழைத்துக்கொண்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதற்கென்றே பிரிவு இருக்கிறது.