பழைய படைத் தோழர்கள் கூடும் கதை: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

எங்கள் திருகோணமலை வாசகர் குழு இந்த மாதம் எடுத்த நாவல், லீ சைல்ட் ஜாக் ரீச்சர் என்ற நாயகனை வைத்து எழுதும் தொடரில் வந்த 'பேட் லக் அண்ட் ட்ரபிள்' (2007). அமெரிக்க இராணுவப் பொலிஸில் ஒன்றாக வேலை செய்து பிரிந்துபோன விசாரணையாளர்கள், தங்களில் ஒருவன் ஹெலிகொப்டரிலிருந்து எறியப்பட்டுக் கலிஃபோர்னியாப் பாலைவனத்தில் பிணமாகக் கிடந்த பிறகு மறுபடி சேருகிறார்கள். குற்றக் கதைகளை விடாமல் வாசிக்கிறவள் என்பதால் பதில் சொல்லும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: யார் கொன்றது, யார் காட்டிக்கொடுத்தது என்று இங்கே எழுதாதீர்கள். இன்னும் வாசிக்காதவர்கள் பின்னட்டையைப் பார்க்காமலே தொடங்குங்கள்.

அலஸ்தோட்டத்திலிருந்து: அக்கா, இது தொடரில் 11ஆவது புத்தகமாம். முதல் பத்தையும் வாசிச்சிட்டுத்தான் எடுக்க வேணுமா?

தேவையில்லை தம்பி. ஒவ்வொன்றும் தனிக்கதை. ரீச்சரின் பழைய படைத் தோழி நீக்லியை முன்கூட்டியே தெரிந்துகொள்ள விருப்பமென்றால் 2002இல் வந்த 'விதவுட் ஃபெயில்' ஒன்று போதும்.

பாலையூற்றிலிருந்து: அந்த 1030 டொலர் விஷயம் எனக்கு விளங்கேல்ல. ஒரு கோல் எடுத்திருக்கலாம்தானே?

யாருக்கு எடுப்பது? ஜாக் ரீச்சரிடம் வீடு இல்லை, தொலைபேசி இல்லை. சட்டைப் பையில் மடிக்கிற பல்துலக்கியும் ஏ.டி.எம். அட்டையும் கடவுச்சீட்டும்தான். ஆனால் கணக்கில் எவ்வளவு கிடக்கிறது என்பதை மனதிலேயே வைத்திருக்கிற ஆள். போர்ட்லண்டில் ஒரு நாள் காசு எடுக்கப் போனால், இருக்க வேண்டியதைவிட மீதி கூடக் காட்டுகிறது. கழித்துப் பார்க்கிறான்: 1030. இராணுவப் பொலிஸ் வானொலியில் 10-30 என்றால் 'அவசரமாக உதவி தேவை'. போட்டவள் நீக்லி. அவன் கணக்குப் பார்ப்பான், பழைய குறியீட்டை மறந்திருக்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். கட்டிப்பிடித்து அழாமல், பழைய கதை பேசாமல், ஒரு வங்கி வைப்பை வைத்தே இத்தனை வருட நட்பை ஆசிரியர் காட்டிவிட்டார். புத்தகத்திலேயே எனக்கு அதிகம் பிடித்த இடம் இதுதான். பலர் இதை அவசரத்தில் தாண்டிப் போகிறார்கள். திரும்ப ஒருக்கால் வாசியுங்கள்.

சீனக்குடாவிலிருந்து: ஹெலிகொப்டரிலிருந்து 3000 அடி விழ எத்தனை வினாடி செல்லும்?

காற்றுத் தடையோடு சுமார் 20. காற்றே இல்லையென்றால் 14க்குக் கிட்ட.

கிண்ணியாவிலிருந்து: செத்தவர்களுக்காக எனக்குக் கவலையே வரவில்லை. உங்களுக்கு?

பாதிக்குப் பாதி உங்களோடுதான். இறந்தவர்களை மற்றவர்களின் நினைவில் மட்டுமே பார்க்கிறோம். சிலர் கடைசிவரை வெறும் பெயராகவே நிற்கிறார்கள். ஆனால் பாலைவனத்தில் பிணமாகக் கிடந்த ஃப்ரான்ஸின் மனைவியையும் சின்ன மகனையும் பார்க்கப் போகிற பகுதி அப்படியில்லை. கூடப் படையில் இருந்தவனுக்கு வீடும் பிள்ளையும் இருந்திருக்கின்றன, தன்னிடம் ஒரு பல்துலக்கிதான் இருக்கிறது என்று ரீச்சர் இந்த நாவலில் தன்னையே அளந்து பார்க்கிறான். கவலை வேண்டுமானால் அங்கே தேடுங்கள்.

நிலாவெளியிலிருந்து: முந்தின புத்தகங்கள் வாசிக்காமல் விளங்குமா?

விளங்கும். மேலே சொல்லியிருக்கிறேன்.

மூதூரிலிருந்து ஒரு அண்ணா: பழைய ஆமிக்காரர் நாலு பேர் சட்டத்தைத் தள்ளி வச்சிட்டுத் தாங்களே ஆக்களைக் கொல்லுகினம். இந்த ஊரில இருந்துகொண்டு இதை எப்படி ரசிக்கிறீங்க தங்கச்சி?

விசாரணையை ரசித்தேன் அண்ணா. முடிவை என்னால் ரசிக்க முடியவில்லை. எண்கள் நிரம்பிய தாள்களைப் பரப்பி வைத்து, இவை எதன் கணக்கு என்று பழைய தோழி டிக்ஸனும் ரீச்சரும் மண்டையை உடைக்கிறார்கள். ஃப்ரான்ஸின் கடவுச்சொல்லைக் கண்டுபிடிக்க, அவன் மனதார மதித்தது யாரை என்று யோசிக்கிறார்கள். நாவலின் உயிர் இந்த இடங்களில் இருக்கிறது. சாட்சியம் சேர்க்கத் தெரிந்தவர்கள் அவர்கள். அப்படிப்பட்டவர்கள் அதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. எதிரிகளின் குற்றத்தில் வாசகருக்குத் துளி சந்தேகமும் வராதபடி ஆசிரியர் பார்த்துக்கொள்கிறார். கதையில் அது முடியும். எங்கள் ஊரில் ஆயுதம் வைத்திருந்த எல்லாரும் தங்களுக்கும் சந்தேகமே இல்லை என்றுதான் சொன்னார்கள்.

2006 ஜனவரி 2ஆம் திகதி எங்கள் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் போதிய சாட்சியம் இல்லையென்று 2019இல் விடுவிக்கப்பட்டார்கள். நேர்மையான விசாரணை ஒன்றின் விலை என்னவென்று எங்களுக்குத் தெரியும். அதனால்தான் நன்றாக விசாரிக்கத் தெரிந்த நாலு பேர் கடைசியில் அதைத் தூக்கி எறிவதைப் பார்க்க எனக்குக் கோபம் வருகிறது.

உவர்மலையிலிருந்து: அது வெறும் கதைதானே அக்கா. ஏன் இவ்வளவு பாரமாக்குறீங்க?

கதையென்று தெரிந்துதான் ஒரே மூச்சில் வாசித்தேன் தம்பி. பிடித்த புத்தகத்திடம்தான் இப்படிக் கேள்வி கேட்கத் தோன்றும்.

தம்பலகாமத்திலிருந்து ஒரு தங்கச்சி: எங்கட வீட்டிலயும் காணாமல் போனவர் இருக்கிறார். கோட்டில கிடைக்காதது புத்தகத்திலயாவது கிடைக்குது. எனக்கு அந்த முடிவு பிடிச்சிருக்கு.

உங்களோடு வாதாட மாட்டேன் அம்மா. உங்களுக்குக் கிடைத்த ஆறுதலைப் பிழையென்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. மூதூர் அண்ணாவும் இதை வாசிக்க வேண்டும். ஒரே நாவல் இரண்டு வீட்டில் இரண்டு விதமாக இறங்குகிறது, இரண்டையும் நான் நம்புகிறேன். என் மனக்குறை எழுத்தாளரிடம்தான். நாங்கள் செய்வது சரியா என்ற கேள்வியோடு அந்த நாலு பேரையும் ஒரு அத்தியாயம் உட்கார வைத்திருக்கலாம்.

அன்புவழிபுரத்திலிருந்து: டொம் குரூஸ் நடிச்சது இதுதானே?

இல்லை. இது 2023 டிசம்பரில் தொடங்கிய 'ரீச்சர்' தொலைக்காட்சித் தொடரின் இரண்டாம் பருவமாக வந்தது. லொஸ் ஏஞ்சலிஸில் நடக்கிற கதையை நியூயோர்க்குக்கு மாற்றிவிட்டார்கள். முதலில் புத்தகத்தை வாசியுங்கள்.

சாம்பல்தீவிலிருந்து: காட்டிக்கொடுத்தது யாரென்று இன்பொக்ஸிலயாவது சொல்லுங்கோ.

மாட்டேன்.

ஆனந்தபுரியிலிருந்து: முதல் பத்தையும்...

தேவையில்லை. மூன்றாவது தரம் சொல்கிறேன். கேட்க முதல் மேலே உள்ளதை வாசியுங்கள்.

மறுபடியும் பாலையூற்றிலிருந்து: திரும்ப வாசிச்சன் அக்கா, விளங்கீட்டுது. அடுத்ததா எதை எடுக்கிறது?

சந்தோசம். 'தி எனிமி' (2004) எடுங்கள். 1990 பிறக்கிற இரவில் தொடங்குகிறது. ரீச்சர் இன்னும் படையில் இருக்கிற காலம். அவனே 'நான்' என்று சொல்லுகிற கதை. நாங்கள் இப்போது வாசித்ததில் அவனை வெளியே நின்று பார்த்தோம், அந்த வித்தியாசத்தைக் கவனித்து வாசியுங்கள். பின்னட்டை வேண்டாம்.