நிறமிக்கு என்ன சக்தி? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. ஆண்டு விழாவுக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஒரு நாடகம் போடுகிறோம். கதை நான் எழுதியதுதான். ‘நிறமி’ என்று ஒரு சூப்பர் ஹீரோயின். மலர் என்கிற கறுப்பான சிறுமியை வகுப்பில் எல்லோரும் கேலி செய்கிறார்கள். அவள் ஆய்வகத்தில் ஒளிந்துகொண்டு அழும்போது நுண்ணோக்கியிலிருந்து ஒரு வெளிச்சம் வந்து அவளை நிறமியாக மாற்றுகிறது. வில்லன் ‘பளபளா மன்னன்’. டி.வி., செல்போன், விளம்பரப் பலகை வழியாகப் புகுந்து பிள்ளைகளின் மூளையைப் பிடித்துக்கொள்பவன். நிறமி அவனோடு சண்டை போடுவதில்லை. பாடம் நடத்துகிறாள். கடைசியில் அவன் ஓடிவிட, “நாம் எல்லோரும் அழகுதான்” என்று எல்லோரும் சேர்ந்து பாடுகிறார்கள்.

மலராகவும் நிறமியாகவும் ஒரே மாணவிதான் நடிக்கிறாள். வகுப்பிலேயே எடுப்பான பெண், நன்றாகப் பேசுவாள். மலராக வரும்போது முகத்தில் கொஞ்சம் கரி பூசி, நிறமியாக மாறும்போது துடைத்துவிடலாம் என்று திட்டம். தலைமையாசிரியரோ, “எதற்கு இந்த வேலை? நேரடியாக அறிவுரை சொல்லிவிட்டுப் போங்களேன்” என்கிறார். சூப்பர் ஹீரோவை வைத்து இதைச் சொல்ல முடியுமா? எதை மாற்றலாம்?

பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும்,
ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

தலைமையாசிரியர் சொல்வதைக் கேட்காதீர்கள். எட்டாம் வகுப்பில் அறிவுரை எந்தக் காது வழியாகப் போய் எந்தக் காது வழியாக வெளியே வரும் என்பது அவருக்கும் தெரியும். நாடகமே போடுங்கள். ‘நிறமி’ என்ற பெயர் பிரமாதம். அறிவியல் டீச்சருக்குத்தான் இது தோன்றும்.

ஆனால் அந்தக் கரி வேண்டவே வேண்டாம். உங்கள் முதல் காட்சியை ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள். கறுப்பான பெண் அழுகிறாள். எங்கிருந்தோ வெளிச்சம் வருகிறது. முகம் வெளுக்கிறது. உடனே தைரியம், பேச்சு, கைதட்டல் எல்லாம் வந்துவிடுகிறது. இதை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! ஃபேர் அண்ட் லவ்லி 1975-இல் சந்தைக்கு வந்தது. அதன் விளம்பரம் ஒன்றில், சம்பாதித்துப் போட ஒரு மகன் இல்லையே என்று அப்பா பெருமூச்சு விடுவார். அது கறுப்பான மகளின் காதில் விழும். அவள் க்ரீம் பூசுவாள், வெளுப்பாள், விமானப் பணிப்பெண் ஆவாள், குடும்பமே சிரிக்கும். அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் விடாமல் எதிர்த்து, 2003-இல் அந்த விளம்பரம் நின்றது. நீங்கள் கரியைத் துடைக்கும் நொடியில் அதே விளம்பரம் உங்கள் பள்ளி மேடையில் ஓடும். அதைத் தோற்கடிக்கத்தான் நாடகம் என்று நிறமி அதற்குப் பிறகு எத்தனை வசனம் பேசினாலும், கீழே உட்கார்ந்திருக்கும் அம்மாக்களின் கண்ணில் நிற்பது துடைத்த முகம்தான்.

குறை உங்கள் மேல் இல்லை. சூப்பர் ஹீரோ கதையின் அமைப்பே அப்படி. ஒன்றுக்கும் உதவாதவன் என்று பெயர் வாங்கிய ஆள், ஒரு மின்னல், ஒரு சுழற்சி, புது உடம்பு. க்ரீம் விளம்பரமும் இதே ‘முன்-பின்’ கதைதான். ஆகவே நிறமி மாறக் கூடாது. மலர்தான் நிறமி, அதே முகம், அதே சீருடை, வேண்டுமானால் தோளில் ஒரு துண்டு. நடிக்கிற பெண்ணையும் மறுபடி யோசியுங்கள். “எடுப்பான பெண்” என்று எழுதியிருக்கிறீர்கள். பளபளா மன்னன் உங்கள் நடிகர் தேர்வுக்கே வந்துவிட்டுப் போயிருக்கிறான், டீச்சர்.

அப்படியானால் அவளுக்கு என்ன சக்தி? என் யோசனை இது: ‘ஸ்டாச்சு!’ பிள்ளைகள் மைதானத்தில் விளையாடுகிற அதே ஸ்டாச்சு. மேடையில் ஒரு விளம்பரம் நடக்கிறது. நிறமி உள்ளே வந்து “ஸ்டாச்சு!” என்கிறாள். எல்லோரும் அப்படியே உறைந்து நிற்கிறார்கள். அவள் ஒவ்வொருவராகத் தொட்டு எழுப்பிக் கேள்வி கேட்கிறாள். “நீ யார்?” “லைட்பாய்ங்க. முதல் ஷாட்டுக்கு லைட்டைப் பக்கவாட்டில் வைப்பேன், நிழல் விழும். க்ரீம் பூசின ஷாட்டுக்கு முன்னால் கொண்டுவந்து வைப்பேன்.” “நீ?” “மேக்கப். முதல் ஷாட்டில் பொண்ணுக்குத் தலை சீவ மாட்டேன்.” “நீ?” “கம்ப்யூட்டர். அவங்க ரெண்டு பேரும் விட்டதை நான் பார்த்துக்குவேன்.” இங்கே பாடம் நடத்த ஆளே தேவையில்லை. கடைசியாக அந்த நடிகையை எழுப்புங்கள். “நீ க்ரீம் பூசினியா?” “எங்க நேரம்? ரெண்டு ஷாட்டும் ஒரே நாள்ல எடுத்தாங்க.”

இதைச் சும்மா கற்பனை என்று நினைக்காதீர்கள். இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2014-இல் சிவப்பழகு விளம்பரங்களுக்கு விதிமுறை கொண்டுவந்தது. கறுப்பாக இருப்பதால் வேலை, கல்யாணம், பதவி உயர்வு கிடைக்காது என்று காட்டக் கூடாது என்பது ஒன்று. இன்னொன்றுதான் எனக்குப் பிடித்தது: க்ரீம் பூசுவதற்கு முந்தைய முகத்தைச் சோகமாகவோ கவலையாகவோ காட்டக் கூடாது. அந்த அளவுக்கு நுணுக்கமாகத் தடை போட வேண்டியிருந்தது என்றால், அந்த விளம்பரங்களில் பாதி வேலையைச் செய்துகொண்டிருந்தது மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்ட பாவனைதான்.

விளம்பரப் படப்பிடிப்பு வரைக்கும்கூடப் போக வேண்டாம். எங்கள் ஊர் ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கு உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் கல்லூரி விண்ணப்பத்துக்குப் படம் எடுக்க வந்த ஒரு பெண். படம் எடுத்த பையன் கம்ப்யூட்டரில் அவள் முகத்தைத் திறந்தான், நெற்றியில் இருந்த இரண்டு பருக்களை அழித்தான், வட்டமாக ஏதோ தேய்த்தான், பிறகு ஒரு கோட்டை இடமிருந்து வலமாக இழுத்தான். முகம் வெளுத்தது. கழுத்து பழைய நிறத்திலேயே நின்றது. கழுத்தையும் இழுத்தான். அவள் எதுவும் கேட்கவில்லை. அவனும் அவளைக் கேட்கவில்லை. “கொஞ்சம் ப்ரைட் பண்ணியிருக்கேன்மா” என்று கவரில் போட்டுக் கொடுத்தான். அவனைப் பொறுத்தவரை அது கூடுதல் சேவை, அதற்குக் காசுகூட வாங்கவில்லை. உங்கள் பளபளா மன்னனுக்குக் கிரீடம் வைக்காமல் இப்படி ஒரு நல்ல பையனாகக் காட்டினால் நாடகம் இன்னும் உறைக்கும்.

இப்போது கடினமான இடத்துக்கு வருகிறேன். “இதெல்லாம் பொய்” என்று தெரிந்துவிட்டால் பிள்ளைகள் தப்பித்துவிடுவார்களா? பிரான்ஸில் 2017 முதல், மாடலின் உடம்பைக் கம்ப்யூட்டரில் மெலிய வைத்த அல்லது பருக்க வைத்த விளம்பரப் படத்தில் ‘திருத்தப்பட்ட படம்’ என்று அச்சிட வேண்டும் என்பது சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் இப்படி எழுதிய படங்களைக் காட்டி நடத்திய ஆய்வுகள் பெரும்பாலும் ஒன்றையே சொல்கின்றன. எழுத்தைப் படித்த பிறகும் பெண்கள் தங்கள் உடம்பை அந்தப் படத்தோடு ஒப்பிட்டுச் சுணங்கத்தான் செய்தார்கள். பொய் என்று தெரியும், இருந்தும் வேண்டும். பேய் இல்லை என்று தெரிந்துகொண்டே புளியமரத்தடியில் வேகமாக நடப்பதைப் போல.

படத்துக்கு எவ்வளவு வலு என்பதற்கு ஃபிஜி தீவில் நடந்தது ஓர் உதாரணம். அங்கே நல்ல பூசிய உடம்புதான் அழகு, ஆரோக்கியம். வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடு சாப்பிடு என்று உபசரிக்கும் ஊர், நம்மைப் போலவே. நாத்ரோகா பகுதிக்கு 1995-இல் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற மருத்துவ மானுடவியலாளர் அந்த ஆண்டு பள்ளி மாணவிகளிடம் கேட்டபோது, இளைப்பதற்காக வாந்தி எடுப்பதாக ஒருத்திகூடச் சொல்லவில்லை. மூன்று ஆண்டு கழித்து 1998-இல் அதே வயது மாணவிகளிடம் கேட்டபோது நூற்றுக்கு 11 பேர் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் அறுபத்துச் சொச்சம் பேரிடம் மட்டுமே கேட்ட சின்ன ஆய்வுதான். ஆனாலும் சைபரிலிருந்து பதினொன்று! டி.வி.யில் வரும் பெண்களைப் போல ஆக வேண்டும் என்று அந்தப் பிள்ளைகளே காரணமும் சொன்னார்கள்.

எதுதான் வேலை செய்கிறது? அமெரிக்க உளவியலாளர் எரிக் ஸ்டைஸும் அவரோடு சேர்ந்தவர்களும் வளர்த்தெடுத்த ஒரு பயிற்சியில் பாடம் நடத்துபவர் வாயைத் திறப்பது குறைவு. ஒல்லியாக இருந்தால்தான் அழகு என்பதற்கு எதிராக மாணவிகளே பேச வேண்டும். தங்களைவிடச் சின்னப் பெண்ணுக்குக் கடிதம் எழுத வேண்டும். எதிரே ஒருத்தர் “நான் இளைத்தே தீருவேன்” என்று நடிக்க, அவரோடு வாதாட வேண்டும். தன் வாயால் ஒன்றை வாதாடியவருக்கு அதற்கு நேர்மாறானதைப் பழையபடி நம்புவது சங்கடமாகிவிடுகிறது. பல நாடுகளில் திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்த முறை இது.

ஆகவே என் முக்கியமான சிபாரிசு: நிறமி பேசுவதைக் குறையுங்கள். அறிவு அவளிடம் மட்டும் இருந்தால், பிள்ளைகள் அவளுக்குக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய் ‘பியூட்டி மோட்’ போட்டு செல்ஃபி எடுப்பார்கள். பளபளா மன்னன் கேட்கிற கேள்விகளுக்கு மேடையில் இருக்கும் மற்ற பிள்ளைகள் பதில் சொல்லட்டும். வசனத்தையும் நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். ஒத்திகையில் நீங்களே மன்னனாக நின்று, “சிவப்பா இருந்தாத்தாண்டா மரியாதை” என்று வம்புக்கு இழுங்கள். அவர்கள் வாயில் வருவதை எழுதிக்கொள்ளுங்கள். வருவது உங்கள் வசனத்தைவிட நன்றாகவே இருக்கும், கொஞ்சம் கெட்ட வார்த்தையும் வரலாம், அதை மட்டும் வெட்டுங்கள்.

அப்புறம், வில்லன் தோற்று ஓட வேண்டாம். அவன் ஓடுகிற ஆள் இல்லை. 2020-இல் ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்பதை எடுத்துவிட்டு ‘க்ளோ அண்ட் லவ்லி’ ஆனது. பல விளம்பரங்களில் சிவப்பு போய்ப் பொலிவு வந்தது. பெண்கள் இருக்கிறபடியே அழகு என்று 2004 முதல் விளம்பரம் செய்து புகழ் வாங்கிய டவ் சோப்பும் ஃபேர் அண்ட் லவ்லியின் அதே யூனிலீவர் குடும்பம்தான். ஒரு கையில் வெளுக்கும் க்ரீம், இன்னொரு கையில் “நீ அழகுதான் கண்ணே”. உங்கள் மன்னனும் சட்டையை மாற்றிக்கொண்டு, “நாம் எல்லோரும் அழகுதான்!” என்று பாடிக்கொண்டே திரும்பி வரட்டும். உங்கள் கடைசிப் பாட்டை அவன் வாயில் வைத்துவிடலாம் என்பது என் ஆசை. எல்லோருமே அழகாக இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் எதற்கு? கணக்கில் கெட்டி, கபடியில் கெட்டி, வாய் நீளம் என்று எட்டாம் வகுப்பில் ஒரு பெண் இருந்துவிட்டுப் போகட்டுமே.

ஊடகத்தின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளவும் கூடாது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே குங்குமப்பூப் பாலில் ஆரம்பிக்கிறோம். சென்னை நிறுவனமான கவின்கேர் 1998-இல் ஃபேரெவர் க்ரீமைக் கொண்டுவந்தபோது அதே குங்குமப்பூவையும் பாலையும்தான் டியூபில் அடைத்தது. நம் பாட்டி வைத்தியத்தை நமக்கே விற்றது. “கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா” என்று பாராட்டுகிற வாயில் அந்த ‘இருந்தாலும்’ எவ்வளவு சரளமாக வருகிறது! ரஜினிகாந்தையும் விஜயகாந்தையும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய நாம், நாயகி தேட மட்டும் மும்பைக்கு ஃப்ளைட் ஏறினோம். இத்தனைக்கும் குறுந்தொகையில் வெள்ளிவீதியாரின் தலைவி புலம்புவது நேர் எதிரான காரணத்துக்கு: அவளுடைய மாமை அழகை, அந்த மாந்தளிர் நிறத்தை, பசலை தின்றுகொண்டிருக்கிறது. வெளிறிப்போவதுதான் அங்கே நோய். உங்கள் தமிழாசிரியரிடம் கேட்டால் அந்தப் பாட்டை ஒரு பையனுக்குச் சொல்லிக் கொடுப்பார், மேடையில் நன்றாக எடுபடும்.

நீங்கள் அறிவியல் டீச்சர் என்பதால் இரண்டு விஷயத்தை நாடகத்துக்கு வெளியே, வகுப்பில் நேராகவே சொல்லுங்கள். தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்ற நிறமியைச் செய்யும் செல்களின் எண்ணிக்கை எல்லாத் தோலிலும் ஏறக்குறைய ஒன்றுதான், அவை எவ்வளவு, எந்த வகை நிறமியைச் செய்கின்றன என்பதில்தான் வித்தியாசம் என்பது ஒன்று. இன்னொன்று அவசரமானது. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு கலந்த க்ரீம்கள் முதலில் வெளுக்க வைக்கும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பரு கொட்டி, நிறுத்தினால் இன்னும் எரியும். பெயர் தெரியாத மலிவு க்ரீம்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. மெலனின் உருவாவதைத் தடுப்பதோடு நிற்காமல் அது தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைத் தாக்கும். மலப்புரத்தில் சிறுநீரக நோயோடு வந்தவர்கள் பலர் இப்படிப்பட்ட க்ரீம் பூசியவர்கள் என்று கண்டுபிடித்தார்கள். 2023-இல் கேரள அரசு கடை கடையாகச் சோதனையே நடத்தியது. இந்த ஒரு இடத்தில் தலைமையாசிரியரின் வழிதான் சரி. அறிவுரையே சொல்லுங்கள், மிரட்டியே சொல்லுங்கள்.

பையன்களையும் விடாதீர்கள். ஆண்களுக்கென்றே 2005-இல் ஃபேர் அண்ட் ஹேண்ட்சம் வந்தாயிற்று. ‘கரிச்சட்டி’, ‘கருவாயா’ என்று வகுப்பில் பட்டப்பெயர் வாங்குவதில் அவர்கள்தான் முன்வரிசை, வைப்பதிலும்தான்.

கடைசியாக ஒன்று. ஆண்டு விழாவுக்கு மேக்கப் போட ஒருவரை வரவழைப்பீர்கள் இல்லையா? வரிசையில் நிற்க வைத்து, குறத்தி வேடமோ பாரதியார் வேடமோ, எல்லாப் பிள்ளைக்கும் முகத்தில் ஒரே ரோஸ் பவுடரை அப்பி உதட்டில் சிவப்பைத் தீட்டிவிடுவாரே, அவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். இந்த நாடகத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் கண்மை போதும் என்று சொல்லுங்கள். கூலியைக் குறைத்துவிடாதீர்கள், கோபித்துக்கொள்வார்.

அன்புடன்.