கேபர்னே ஷிராஸ்: கலந்த ஒயின் என்றால் மட்டமா?

நண்பர் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த பாட்டிலில் 'கேபர்னே ஷிராஸ்' என்று இரண்டு திராட்சைகளின் பெயர் இருப்பதாகவும், கலந்த ஒயின் மட்டமானதா, அதை எப்படி ருசிப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

மட்டமே இல்லை. கலப்பு என்றதும் நமக்குக் கலப்படம் ஞாபகம் வந்துவிடுகிறது. இது வேறு. ஒரு திராட்சையிடம் இல்லாததை இன்னொன்று கொடுக்கிறது, அவ்வளவுதான். எனக்கே இது புரிந்தது ஆஸ்திரேலிய நகரமான அடிலெய்டில் வேலை பார்த்த காலத்தில்தான். அங்கிருந்து ஒரு மணி நேரக் கார் பயணத்தில் பரோசா பள்ளத்தாக்கு. அங்கே ஒரு சிறிய ஒயின் ஆலையில், ஊற்றிக் கொடுத்த அம்மா என் முன்னால் மூன்று கிளாஸ்களை வைத்தார்.

முதலில் தனி கேபர்னே. மூக்கருகே கொண்டுபோனதும் கறுப்புப் பழ வாசனை, அதன் பின்னாலேயே நீலகிரித் தைலம்! தோட்டத்தை ஒட்டி யூகலிப்டஸ் மரங்கள் நின்றால் அதன் வாசனை திராட்சையில் ஏறி ஒயினுக்குள்ளும் வந்துவிடும் என்றார். வாயில் விட்டதும் ஆரம்பம் பிரமாதம். பிறகு நடுவில் ஒரு வெறுமை. கடைசியில் பச்சைப் பாக்கைக் கடித்தது போல ஈறெல்லாம் துவர்ப்பு. அடுத்தது தனி ஷிராஸ். இது நேர்மாறாக, நடுவில் வாய் நிறையப் பழம், ஆனால் முடிவு சட்டென்று கரைந்துபோனது. மூன்றாவது கிளாஸில் இரண்டும் கலந்தது. அந்த வெறுமை நிரம்பியிருந்தது, துவர்ப்பும் கடைசிவரை தாங்கிப் பிடித்தது. நான் வாயைத் திறக்காமல் நின்றேன்.

இந்த ஜோடிக்கு ஆஸ்திரேலியாதான் பெயர்போனது. பிரான்சின் போர்தோ பகுதியில் கேபர்னேயோடு மெர்லோ என்ற திராட்சையைச் சேர்ப்பார்கள். ஷிராஸுக்கு அங்கே விதிப்படி இடமில்லை. ஆஸ்திரேலியாவில் பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தின் 'பின் 389' (Bin 389) என்ற ஒயின் இந்த வகைக்குப் பெயர்போனது. அந்நிறுவனத்தின் ஒயின் தயாரிப்பாளர் மேக்ஸ் ஷூபர்ட் 1960-இல் உருவாக்கியது. அதே நிறுவனத்தின் புகழ்பெற்ற கிரேஞ்ச் ஒயின் இருந்த பீப்பாய்களில் இதன் ஒரு பகுதி முதிர்வதால் 'குட்டி கிரேஞ்ச்' என்று செல்லமாகச் சொல்வார்கள். லேபிளில் எந்தப் பெயர் முதலில் இருக்கிறதோ அந்தத் திராட்சைதான் அதிகம். உங்களுடையதில் கேபர்னே.

இனி ருசிப்பது. நம் ஊர் அறைச் சூட்டில் குடித்தால் சாராய நெடிதான் மேலே நிற்கும். ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிரவிட்டு எடுங்கள். 16 முதல் 18 டிகிரி போதும். பக்கத்தில் ஊதுபத்தி, தாளிப்பு வாசனை வேண்டாம். கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றி, சுழற்றி, முகருங்கள். மிளகு வாசனை வருகிறதா என்று பாருங்கள். அது கற்பனை அல்ல. ரோட்டண்டோன் என்ற பொருள்தான் மிளகுக்கும் ஷிராஸுக்கும் அந்த மணத்தைக் கொடுக்கிறது என்று ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2008-இல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவரின் மூக்குக்கு அது எட்டாது, ஆகவே தெரியாவிட்டால் கவலைப்படாதீர்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலுள்ள கிராம்பியன்ஸ் போன்ற குளிர்ந்த இடத்து ஷிராஸில் இந்த மணம் தூக்கலாக இருக்கும்.

பிறகு ஒரு வாய் எடுத்து, பத்து எண்ணும்வரை உள்ளேயே வைத்திருங்கள். முன்னால் என்ன, நடுவில் என்ன, விழுங்கிய பின் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மட்டும் கவனியுங்கள். கலப்பு சரியாக அமைந்ததா என்பது அந்த நடுப்பகுதியில் தெரிந்துவிடும்.

தொட்டுக்கொள்ள மிளகு போட்ட மட்டன் சுக்கா அருமை. காய்ந்த மிளகாய்க் காரம் வேண்டாம், துவர்ப்பும் ஆல்கஹாலும் சேர்ந்து நாக்கு எரியும். ஒரே மூச்சில் பாட்டிலைத் தீர்க்கவும் வேண்டாம். 14.5 சதவீத ஆல்கஹால் உள்ள 750 மில்லி பாட்டில், ஆஸ்திரேலியக் கணக்கில் 8.6 'ஸ்டாண்டர்ட் டிரிங்க்' (ஒன்றுக்கு 10 கிராம் ஆல்கஹால்). பின்பக்க லேபிளிலேயே இருக்கும். பாதியை மூடி ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் ஊற்றுங்கள். துவர்ப்பு கொஞ்சம் அடங்கி, முதல் நாள் ஒளிந்திருந்த வாசனை வெளியே வரும். எனக்கு அந்த இரண்டாம் நாள் கிளாஸ்தான் பிடிக்கும்.