கத்தோலிக்கத் திருச்சபை உலகெங்கும் செய்யும் தொண்டுப் பணிகள் உண்மையான உதவியா, மதமாற்றத்துக்கான வழியா?

நான் இலங்கையின் வடக்கே கிளிநொச்சி மாவட்டத்தில் வாழும் சைவக் குடும்பத்தைச் சேர்ந்தவன். இடம்பெயர்ந்து அலைந்த காலத்திலும் மீள்குடியேறிய பின்னரும், கத்தோலிக்கத் திருச்சபையின் தொண்டு அமைப்பான கரித்தாஸின் வன்னிக் கிளை, கரித்தாஸ் வன்னி கியூடெக்கின் உதவியைப் பெற்றிருக்கிறோம். ஞானஸ்நானம் பெறுங்கள் என்று இன்றுவரை எவரும் எங்களைக் கேட்டதில்லை. ஆகவே, அது உண்மையான உதவியே என்பது என் பதில்.

கரித்தாஸ் என்றால் வத்திக்கானிலிருந்து ஆட்களையும் பணத்தையும் அனுப்பும் ஒரே நிறுவனம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது அப்படியல்ல. 1897இல் ஜெர்மனியில் லோரன்ஸ் வேர்த்மன் என்ற குருவானவர் தொடங்கிய அப்பணி நாடு நாடாகப் பரவி, 1951இல் ஓர் உலகக் கூட்டமைப்பாகியது. அதில் இன்று 160க்கும் மேற்பட்ட தேசிய அமைப்புகள் உள்ளன. அவற்றின் கீழ், ஆயர் ஒருவரின் பொறுப்பிலுள்ள பகுதிகளான மறைமாவட்டங்கள் தத்தமது அமைப்புகளை நடத்துகின்றன. யாழ்ப்பாண மறைமாவட்டத்துக்குக் கியூடெக், மன்னாருக்கு வாழ்வுதயம் என்று இருப்பது அந்த ஒழுங்கின்படிதான். பணம் ஜெர்மனியிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வரலாம். யாருக்கு முதலில் கொடுப்பது என்பதை ஊரை அறிந்தவர்கள் முடிவு செய்கிறார்கள்.

எங்கள் ஊரில் மீள்குடியேற்றத்தின்போது தற்காலிக வீட்டுக்கான பயனாளிகளைத் தெரிவு செய்த கூட்டம், பிள்ளையார் கோவில் முன்றலில் நடந்தது. கணவரை இழந்த பெண்கள், அவயவம் இழந்தவர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள் என்ற வரிசையில் எழுதிய பெயர்களை உத்தியோகத்தர் எல்லோர் முன்னிலையிலும் உரக்க வாசித்தார். "இந்த அக்காவுக்கு உழைக்கிற வயதில் மகன் இருக்கிறான், அந்த அம்மாவுக்கு ஒருவரும் இல்லை" என்று ஒருவர் எழுந்து சொன்னதும், அந்த அக்காவே தன் பெயரைப் பின்னால் போடச் சொன்னார். தூரத்து அலுவலகத்தில் இருந்து படிவம் பார்ப்பவருக்கு இது எப்படித் தெரியவரும்?

இந்த உதவியை நான் நம்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு; அதை இதைவிடப் பெரிதாக மதிக்கிறேன். 2008 செப்டெம்பரில் அரசாங்கம் உத்தரவிட்டதால் ஐ.நா. அமைப்புகளும் சர்வதேசத் தொண்டு நிறுவனங்களும் வன்னியை விட்டு வெளியேறின. போகவேண்டாம் என்று சனங்கள் மன்றாடியும் பயனில்லை. பங்குத் தந்தையர் பலரும் அருட்சகோதரிகளும் சனங்களோடு இடம்பெயர்ந்து, தறப்பாள் கொட்டில்களிலேயே தங்கினார்கள். முள்ளிவாய்க்கால்வரை சனங்களோடு நின்ற அருட்தந்தை சரத்ஜீவன், போர் முடிந்த 2009 மே 18 அன்று உயிரிழந்தார். அதற்கு முன்னரும் மடு ஆலய வளாகம், எந்த மதத்தவர் என்று பாராமல், ஆயிரக்கணக்கானோருக்குப் பல ஆண்டுகள் அடைக்கலம் தந்தது. 1999 நவம்பரில் அங்கேயும் எறிகணை விழுந்து பலர் மாண்டார்கள். காஸாவின் திருக்குடும்ப ஆலயத்தில் நூற்றுக்கணக்கானோர் தஞ்சமடைந்திருந்ததையும், 2025 ஜூலையில் அது தாக்கப்பட்டு மூவர் இறந்ததையும் செய்திகளில் பார்த்தபோது, வன்னியில் வாழ்ந்த எங்களுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. பங்கு, அதாவது ஊர் ஆலயத்தைச் சுற்றிய திருச்சபைச் சமூகம், போருக்கு முன்னரும் அந்த ஊரில் இருந்தது, பின்னரும் இருக்கப்போவது. திட்டக்காலம் முடிந்ததும் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு போவதற்கு அதற்கு வேறு ஊர் இல்லை.

மதமாற்றம் குறித்த ஐயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. உலருணவுப் பொதியோடு செபக்கூட்ட அழைப்பையும் சேர்த்துக் கொடுத்த வேறு சில சிறு குழுக்களை நாங்களும் கண்டிருக்கிறோம். ஆனால் உதவியை மதக் கருத்தைப் பரப்பப் பயன்படுத்தலாகாது என்று கூறும் 1994ஆம் ஆண்டின் நிவாரணப் பணி நடத்தைக் கோவையை முன்வைத்த அமைப்புகளுள் செஞ்சிலுவை இயக்கத்தோடு கரித்தாஸும் ஒன்று. அறப்பணியை மதமாற்றத்துக்குரிய கருவியாக்கக் கூடாது என்பதைத் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ற் 2005ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் தெளிவாகவே எழுதினார்.

குறைகளும் உண்டு. 2022 நவம்பரில் நிர்வாகச் சீர்கேடு காரணமாக, கரித்தாஸ் உலகத் தலைமையகத்தின் பொறுப்பாளர்களைத் திருத்தந்தை பிரான்சிஸ் பதவிநீக்கினார். 2025இல் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை வெட்டியபோது, அதைப் பெரிதும் நம்பியிருந்த அமெரிக்கக் கத்தோலிக்க நிவாரண அமைப்பு பல திட்டங்களைக் குறைக்க நேர்ந்தது. வெளிநாட்டுப் பணத்தில் இப்படித் தங்கியிருப்பதுதான் எனக்கு உண்மையான கவலை; மதமாற்றத்தைப் பற்றி விவாதிப்பவர்கள் இதைப் பேசுவதே இல்லை. இலங்கைக் கரித்தாஸ் ஆண்டுதோறும் தவக்காலத்தில் நிதி சேர்க்கிறது. உதவ விரும்பினால் அதற்கோ, நீங்கள் அறிந்த மறைமாவட்டத்தின் அமைப்புக்கோ நேரடியாகக் கொடுங்கள். கொடுத்த பணம் எங்கே போனது என்று தயங்காமல் கேளுங்கள்.