விபத்தில் போன தாடை எலும்பை ஆய்வகத்தில் வளர்த்து வைக்க முடியுமா?

"ஸ்டெம் செல் வைத்து எலும்பு வளர்க்கிறார்களாமே, விபத்தில் தாடை எலும்பு போனவருக்கு அதை வைக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியை என் சித்தி மகன், பல்லோடு பல் கம்பி போட்டுக் கட்டிய வாயோடு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து டைப் செய்து கேட்டான்: "அக்கா, ஆறு வருஷமா லேப்ல எலும்பு வளக்குறேன்னு சொல்றியே, எனக்கு ஒண்ணு குடேன்." ஹெல்மெட் போடாமல் பைக்கில் போய் விழுந்தவன். கீழ்த்தாடை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது.

அவனுக்கு அது தேவையே இல்லை. உடைந்த துண்டுகள் எல்லாம் உள்ளேயே இருந்தன. அவற்றை இடத்தில் நிறுத்தி, டைட்டானியம் பிளேட்டும் ஸ்க்ரூவும் போட்டு அசையாமல் பிடித்துவிட்டால் மீதியை எலும்பே பார்த்துக்கொள்ளும். கண்ணைத் தாங்கும் எலும்பு அரை மில்லிமீட்டர் அளவுக்கு மெலிந்தது; அது நொறுங்கினால் டைட்டானியம் வலையோ துளைகள் உள்ள பிளாஸ்டிக் தகடோ வைத்துக் கண் உள்வாங்காமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

துண்டே காணாமல் போனால்தான் கதை வேறு. இடைவெளி சிறியது என்றால் இடுப்பெலும்பில் இருந்து வெட்டி வைப்பார்கள். 6 செ.மீ. தாண்டினால் அப்படி வெறுமனே வைத்த எலும்பு பிழைப்பது சந்தேகம். அப்போது காலில் இருக்கும் இரண்டு எலும்பில் ஒல்லியானதை, அதன் ரத்தக்குழாயோடு சேர்த்து எடுத்து, தாடை வளைவுக்கு ஏற்ப வெட்டி மடக்கி, மைக்ரோஸ்கோப் வைத்துக் கழுத்து ரத்தக்குழாயோடு தைப்பார்கள். தாடைக்கு இதைச் செய்த முதல் நோயாளிகளைப் பற்றி நியூயார்க் அறுவை மருத்துவர் ஹிடால்கோ 1989இல் எழுதினார். இன்றும் பெரிய இழப்புக்கு முதலில் கை போவது இந்தக் கால் எலும்புக்குத்தான்.

அப்புறம் நாங்கள் லேபில் என்னதான் செய்கிறோம்? கட்டிடத்துக்குச் சாரம் கட்டுகிற மாதிரிதான். ஹைட்ராக்ஸிஅபடைட் (எலும்பில் இருக்கும் தாது) போன்ற பொருளில் துளைகள் நிறைந்த ஒரு சாரம் செய்து, அதில் எலும்புச் செல்லாக மாறக்கூடிய ஸ்டெம் செல்களை ஏற்றி, எலும்பு வளரச் சொல்லும் புரதத்தையும் சேர்ப்போம். அப்படி ஒரு சமிக்ஞை எலும்புக்குள் இருக்கிறது என்று 1965இலேயே அமெரிக்க மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட் காட்டினார். சுண்ணாம்பு நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தார், அங்கே புது எலும்பு முளைத்தது. பி.எம்.பி. என்று பின்னால் பெயர் வைத்தது அதற்குத்தான். நான் செய்த சாரங்கள் எலியின் மண்டையில் போட்ட 8 மி.மீ. ஓட்டையை அழகாக மூடின. எலியிடம் எனக்கு நல்ல பெயர்.

மனிதத் தாடைக்கு வந்தால் அடி வாங்குவது ரத்த ஓட்டத்தில். ஒரு செல் நுண்ரத்தக்குழாயில் இருந்து 0.1, 0.2 மி.மீ. தூரத்துக்குள் இருந்தால்தான் பிழைக்கும். கட்டை விரல் தடிமனுக்குச் சாரம் செய்து செல்களை நிரப்பினால், வெளியில் இருந்து குழாய்கள் உள்ளே வந்து சேர்வதற்குள் நடுவில் இருப்பவை செத்துவிடும். வடிவம் இப்போது பெரிய பிரச்சினையே இல்லை. சி.டி. ஸ்கேனை வைத்து அச்சு அசலாக அச்சிட்டுவிடலாம். உள்ளே ரத்தத்தைக் கொண்டுபோவது எப்படி என்பதில்தான் எல்லாரும் நிற்கிறோம்.

இதைச் சுற்றிக்கொண்டு போனவர்கள் ஜெர்மனியின் கீல் நகரத்து டாக்டர்கள். 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. புற்றுநோயால் தாடையில் 7 செ.மீ.க்கு மேல் இழந்தவர் நோயாளி. அவர் தாடை வடிவில் ஒரு டைட்டானியம் வலைக்கூண்டு செய்து, எலும்புத் தாதுக் கட்டிகள், பி.எம்.பி. புரதத்தில் ஒரு வகையான பி.எம்.பி-7 7 மி.கி., அவருடைய மஜ்ஜை 20 மி.லி. எல்லாம் போட்டு, அவர் முதுகுத் தசைக்குள்ளேயே புதைத்தார்கள். ஏழு வாரத்தில் தசையின் ரத்தக்குழாய்கள் உள்ளே ஓடின, எலும்பு உருவானது. அதைக் குழாயோடு எடுத்துத் தாடையில் பொருத்தினார்கள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் ரொட்டியும் சாசேஜும் மென்று தின்றார். ஆய்வகமே அந்த மனிதரின் முதுகுதான்! அன்றைக்குக் கஞ்சியை ஸ்ட்ராவில் உறிஞ்சிக்கொண்டிருந்த என் தம்பிக்கு இதைச் சொன்னபோது, "ஏழு வாரம் எப்படிக்கா மல்லாந்து படுத்தாரு?" என்று மட்டும் கேட்டான்.

இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் இந்த முறை வழக்கமான சிகிச்சை ஆகவில்லை. அதே புரதத்தின் இன்னொரு வகையான பி.எம்.பி-2க்கு அமெரிக்காவில் 2007இல் பல் தாங்கும் எலும்பை உயர்த்துவது போன்ற சின்ன வேலைகளுக்கு அனுமதி கிடைத்தது. அதற்கு அடுத்த வருஷமே, கழுத்துத் தண்டுவட அறுவையில் போட்டவர்களுக்குத் தொண்டை வீங்கி மூச்சு அடைத்ததாக எச்சரிக்கையும் வந்தது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. முகத் தாடை அறுவை மருத்துவரிடம் எத்தனை சென்டிமீட்டர் எலும்பு போயிருக்கிறது, கால் எலும்பை ரத்தக்குழாயோடு வைக்கும் மைக்ரோ அறுவை அங்கேயே செய்கிறார்களா என்று கேளுங்கள். நோயாளி சிகரெட் பிடிப்பவர் என்றால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். தைத்த குழாய்க்கும் எலும்புக்கும் அது கெடுதல். யாராவது ஸ்டெம் செல் போட்டு எலும்பு வளர்த்துத் தருகிறேன், இவ்வளவு லட்சம் என்றால் பணம் கட்டாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல்படி இங்கே இது அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே செய்ய வேண்டியது. ஆய்வில் சேர்வதற்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது.